குழம்புக்கு மட்டும்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறட்டும், நிதானமாக எழுதலாம் என்று ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. மளிகைக் கடைக்குப் போனால் அந்த மஞ்சள் பாக்கெட் அலமாரியில் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றிலும் அந்த அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறார். வாங்கப் போன துவரம்பருப்பை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். முகத்தை எடுத்து விற்றுவிட்டார்கள். பெயராவது அவரிடமே இருக்கட்டும்.

கொல்லிமலை மேலே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் மருந்தாளுநராக இருந்தேன். சொந்த ஊர் சேலம். மலைக்கு மாற்றல் என்றதும் அழுதுகொண்டே போனவள் நான். கம்பி ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே சீட்டை நீட்டியபடி ஜனங்கள். அந்த ஜன்னலில்தான் அவரை முதலில் பார்த்தேன். மாதம் ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவார். ஐம்பத்தெட்டு வயது. தலை முழுக்க வெளுத்திருந்தது, ஆனால் மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்கிற உடம்பு. மலைமேல் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் அவருக்கு ஒரு சின்னக் காடு இருந்தது. சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, நடுநடுவே பலா, ஓரத்தில் மரவள்ளி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் மட்டும் நிறைய இருந்தது.

வரிசையில் நிற்கிறவர்களை அவர் சும்மா விட்டதே இல்லை. "ஏன்டா போன மாசம் வரல? மாத்திரையச் சாமி மாடத்துல வெச்சு வெளக்குப் போட்டயா?" என்பார். "நல்லாயிருச்சுங்க, அதான் நிறுத்திட்டேன்" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். "அதத் திங்கறதாலதான்டா நல்லாயிருக்கறே, கிறுக்கா!" என்று ஆஸ்பத்திரியே அதிரும். நான் நாள் முழுக்க ஜன்னலில் தொண்டை வறளச் சொல்வதை அவர் ஒரே அதட்டலில் முடித்துவிடுவார். அவர் வரும் நாட்களில் எனக்கு வேலை பாதிதான்.

சனிக்கிழமை மதியம் சேலத்துக்கு நான் பஸ் ஏறும் இடத்தில் அவர் கடை போட்டிருப்பார். கடை என்றால் விரித்த சாக்கு, அதன்மேல் மிளகு மூட்டை, அளக்க ஒரு படி, பருவத்தில் இரண்டு பலாப்பழம். அவ்வளவுதான். அருவி பார்க்க வருகிற கார்கள் அங்கே நிற்கும். இறங்குகிறவர்கள் மிளகை அள்ளி மூக்கருகே வைத்துப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். விலையைச் சொல்வதற்கு முன்னால் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்.

"எதுக்குங்க?"

குழம்புக்கு, ரசத்துக்கு, கறிக்கு, பொங்கலுக்கு என்று பதில் வந்தால் படி நிறைய அளந்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டுக் கொடுப்பார். வேறு பதில் வந்தால் மூட்டை வாயைச் சுருட்டிவிடுவார். ஒருநாள் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார், "மூட்டு வலிக்கும்மா. மலை மிளகுன்னா நல்லா கேக்கும்னாங்க" என்றார்.

"இல்லீங்க."

"என்ன இல்லை? மூட்டை நிறைய வெச்சிருக்கீங்களே!"

"இது கொழம்புக்குங்க. மூட்டு வலிக்கு இல்லீங்க. கீழ போயி எலும்பு டாக்டரப் பாருங்க."

பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "நான் எதுக்குத் தின்னா உங்களுக்கென்ன? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், குடுத்தாப் போதும்."

"குடுத்தா சொன்ன மாதிரிதானுங்க" என்றார் அக்கா. "அந்த வாக்கை என்னால குடுக்க முடியாதுங்க சாமி."

திமிர் பிடித்த பொம்பளை என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போனார். எனக்கே பொறுக்கவில்லை. வந்த வியாபாரத்தை இப்படியா விரட்டுவது என்று கேட்டேன். அக்கா மூட்டை வாயை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலாப்பழம் வாங்க வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அதற்குப் பதில் சொன்னார். காட்டோரத்தில் ஒரு கொடி இலையெல்லாம் கொட்டிக் கருகி நின்றது. பக்கத்துக் கொடிகளின் தூரில் நீலமாக மருந்து தெளித்திருந்தது.

"பாத்தியா அம்மிணி? இந்தக் கொடிக்குள்ள ஓடறது பூராவும் மிளகுதான். எலையக் கசக்கினா மிளகு, தண்ட மோந்தா மிளகு. வாடல் நோவு வந்துச்சு, நாலு நாள்ல கருகிப் போச்சு. தன்னக் காப்பாத்திக்கிச்சா? சரி, மத்த கொடிகளுக்கு நான் என்ன பண்ணினேன்? மிளகுக் கசாயமா வெச்சு ஊத்தினேன்? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அடிச்சேன். கொடிக்கு மருந்துக்கடைக்குப் போறவ, மனுசனுக்கு மட்டும் இதத் தின்னுன்னு எப்படிச் சொல்றது?"

செடியின் நோய் வேறு, மனுஷன் நோய் வேறு, இது படித்தவர்கள் ஒப்புக்கொள்கிற வாதம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எதிர்த்துச் சொல்ல நான் யார்? இரண்டு வருஷம் படித்துப் பட்டயம் வாங்கிய நான் சளி பிடித்தால் மஞ்சள் பால் குடித்துவிட்டு அதனால்தான் சரியானது என்று நம்பிக்கொண்டிருந்தவள்.

அவரைத் தெய்வமாக்கி எழுத வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்த நாளும் உண்டு. நல்ல மழையில் ஒரு சின்னப் பெண், இடுப்பில் இருமுகிற குழந்தையோடு வந்து கைப்பிடி மிளகு கேட்டாள். எதுக்கு என்றார். சளிக்கு என்றாள் அந்தப் பெண். அக்கா மூட்டையைச் சுருட்டிவிட்டார். அவள் நனைந்துகொண்டே போனாள். "ஏக்கா, நீங்க மனுசிதானா? தொண்டைக்கு இதமா ஒரு ரசம் வெச்சுக் குடுத்துட்டுப் போறா. அதுல என்ன கெட்டுப் போகுது?" என்று கத்தினேன்.

"ரசத்துக்குன்னு கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"ஒண்ணில்ல கண்ணு. ரசத்துக்குன்னு வாங்கினா ரசங் குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கும் வருவா. சளிக்குன்னு வாங்கினா வரமாட்டா."

மறுநாள் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு மூச்சு இரைத்தது. டாக்டர் பார்த்து மருந்துப் புகை வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்து நின்றார். குழந்தை சரியாகிறவரை வாசலிலேயே இருந்துவிட்டு, செய்தித்தாளில் மடித்த மிளகை அவள் கையில் வைத்தார். "இப்ப ரசம் வெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். முந்தின நாள் அவரிடம் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

இனிமேல் வருவதுதான் என் குற்றம். ஒரு மிளகுப் பறிப்பின்போது அவர் காட்டுக்குப் போனேன். ஏணியின் பாதியில் நின்றுகொண்டு, மடி நிறையப் பச்சை மிளகுச் சரத்தோடு, காலில் ஏறிய அட்டைக்குப் பயந்து நான் குதித்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தேன். "எங்கள் கொல்லிமலை மிளகு மகாராணி" என்று எழுதி எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்கணும் என்றே தோன்றவில்லை. யார் யாரோ அழகு, அருமை என்று எழுதினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சேலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரே அண்ணன். அப்பா இறந்த பிறகு தன் படிப்பை விட்டுவிட்டு மோட்டார் உதிரிபாகக் கடைக்கு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவன். இப்போது அவனுக்கே ஒரு கடை இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. காபி போடச் சமையலறைக்குள் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் பாக்கெட். அதில் ஏணியும் மரமும் வெட்டப்பட்டு, என் அக்காவின் முகம் மட்டும் சிரித்தது.

"உங்க மலைப் பாட்டிதான். இப்ப எங்க தெருவே இதைத்தான் சாப்பிடுது" என்றார் அண்ணி.

கொல்லிமலைப் பாட்டியின் பரம்பரை ரகசியம் என்று கொட்டை எழுத்து. வயது எண்பத்தைந்து, இன்றுவரை ஒரு மாத்திரைகூட உட்கொண்டதில்லை என்று அதன் கீழே. மிளகு, மஞ்சள், பட்டை, கிராம்பு, வெந்தயம் கலந்த பொடி. பின்பக்கம் திருப்பினால் தீர்க்கும் நோய்களின் பட்டியல். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, மூட்டு, கல்லீரல், முடி உதிர்தல், ஆறாத புண். சாவு ஒன்றைத்தான் விட்டுவைத்திருந்தான் படுபாவி.

"அண்ணா, மாத்திரை போடறியா?"

"நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. உடம்பு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

"இந்த அக்காவுக்கு மாசா மாசம் நான் என் கையால பிரஷர் மாத்திரை குடுக்கறேன்! எண்பத்தஞ்சும் கிடையாது, பாட்டியும் கிடையாது!"

"நீ மாத்திரை குடுக்கறவ. வேற எப்படிச் சொல்லுவ?" என்று சிரித்தான். பாக்கெட்டைக் கையில் எடுத்தான். "இந்த முகத்தைப் பாரு. இது பொய் சொல்ற முகமா?"

இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் பார்த்த முகங்களிலேயே பொய் சொல்லாத முகம் அது. அதனால்தான் அந்தப் பாவிகள் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அவன் எழுந்து நடந்தபோது கவனித்தேன். வலது காலை ஊன்றவில்லை. வீட்டுக்குள் காலுறை போட்டிருந்தான். கழற்றச் சொல்லிச் சண்டை போட்டேன். செருப்புக் கடித்த புண்ணாம். விரலைச் சுற்றி அந்தப் பொடியையே குழைத்துப் பூசியிருந்தான். கழுவிப் பார்த்தால் விரல் கறுத்திருந்தது, பாதம் வீங்கி நாற்றம் வந்தது. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். "போனா வெட்டிருவாங்க. பாட்டி பொடி ஆத்திரும்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணியும் நானும் அழுது பார்த்தோம், காலில் விழுந்து பார்த்தோம். அசையவில்லை. பாக்கெட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் என் கருத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, பெரிய பாக்கெட் வாங்கினால் சின்னது இலவசம் என்றது. போனைச் சுவரில் அடிக்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலை ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, கார்கள் நின்றிருந்தன, அக்கா சாக்கில் உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டை அவர் முன்னால் வைத்து, அண்ணன் கதையைச் சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொன்னார். ஒரு நோய் விடாமல் படித்தேன்.

"படம் எப்படிப் போச்சு?"

"நான் எடுத்ததுதான்க்கா. போன்ல போட்டேன். எடுத்துக்கிட்டாங்க."

"என்னயக் கேட்டயா?"

"இல்லீங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாக்கெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "எத்தன பேரு தின்னிருப்பாங்க?" என்றார். அண்ணன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். மூட்டை வாயைக் கட்டி, பக்கத்தில் பலா விற்கிற பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தார்.

"வா, போலாம். நான் நேருல சொன்னாக் கேப்பாரல்ல?"

அடுத்த பஸ்ஸிலேயே சேலத்துக்கு இறங்கினோம்.

அண்ணன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ஜுரம் வந்திருந்தது. அக்கா நேராகப் போய் இடுப்புப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவன் மடியில் போட்டார். "ஏனுங்க, இது நான் தினமும் திங்கற மாத்திரை. பொடியெல்லாம் எனக்குத் தெரியாது. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

அவன் அவரைப் பார்த்தான். பாக்கெட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "யாரோ ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்க. படத்துல இருக்கற பாட்டி முகத்துல ஒரு களை இருக்கு. இவங்க அவங்க இல்லை."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளணும் போல இருந்தது. ரத்தமும் சதையுமாக எதிரே நிற்கிறவரை நம்பாமல், பாக்கெட்டில் அச்சடித்ததை நம்புகிறான். அக்கா குனிந்து அவன் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அண்ணனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஏணியில் நின்று சிரித்த அதே சிரிப்பு.

அண்ணன் கை தானாகக் குவிந்தது. "பாட்டி!"

"நாந்தான்டா சாமி. நம்பறயான்னு பாத்தேன். பொடியை எப்படித் திங்கறே?"

"வெறும் வயித்துல, சுடுதண்ணியில."

"அட கிறுக்கா! அப்படித் தின்னா எப்படிக் கேக்கும்? சர்க்கர மாத்திரையத் தின்னுட்டு அதுக்கு மேல திங்கோணும். மாத்திரை இல்லாம இது ஏறவே ஏறாது. காலுல சீழ வெச்சுக்கிட்டுத் தொடவே கூடாது, வெசமாயிரும். மொதல்ல ஆஸ்பத்திரியில சீழ எடுத்துட்டு வா."

"பாக்கெட்டுல அப்படிப் போடலியே பாட்டி?"

"ரகசியத்த எவன்டா பாக்கெட்டுல போடுவான்? நானும் மாத்திரையோடதான் திங்கறேன். இல்லீன்னா எண்பத்தஞ்சு வயசுல பஸ் ஏறி வருவனா?"

ஆட்டோ வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் ஏறினான். ஒரு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அண்ணனைச் சேர்த்த அன்று சாயங்காலமே அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். நன்றி சொல்லக் கையைப் பிடித்தேன். உதறினார். பஸ் நிலையத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்தார், துப்பினார், மறுபடி கொப்பளித்தார். பஸ் கிளம்பும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் சும்மா இருந்தானா? மாத்திரையும் பொடியும் சேர்த்துச் சாப்பிடணும், பாட்டியே நேரில் வந்து சொன்னார் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. வந்தது மாத்திரையால். பெயர் பொடிக்குப் போனது. உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொன்னால் பொடியை விடுவானா, மாத்திரையை விடுவானா என்று தெரியாது. அவனைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவனே காரில் வந்து இறங்கினான். கைத்தடியோடு, இரண்டு நண்பர்களோடு. மூன்று பேரும் ரோட்டில், எல்லார் முன்னாலும், சாக்கின் ஓரத்தில் அவர் காலில் விழுந்தார்கள்.

"பாட்டி, இவனுக்குக் கிட்னி. இவனுக்கு பிரஷர். உங்க கையால கொஞ்சம் மிளகு குடுங்க, அது போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனின் காலைப் பார்த்தேன், தலை குனிந்துகொண்டேன்.

படியை எடுத்து அளந்தார். இரண்டு பேர் பையிலும் கொட்டினார். "மாத்திரையோட" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். கார் போனபிறகு மூட்டையைக் கட்டினார்.

"உங்கண்ணனுக்கு ஒரு வெரலு போச்சு அம்மிணி. எனக்கு வாயே போயிருச்சு."

அதற்குப் பிறகு அவர் ரோட்டோரம் கடை போடவில்லை. விளைந்த மிளகையெல்லாம் அப்படியே வியாபாரியின் லாரியில் ஏற்றிவிட்டார். அது எங்கே போகும், எவன் அரைப்பான், எந்தப் பாக்கெட்டில் அடைப்பான் என்று அவர் கேட்கவில்லை. மாத்திரைக்கு மட்டும் தவறாமல் வந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கிறவன், நல்லாயிருச்சுங்க நிறுத்திட்டேன் என்று என்னிடம் சொல்வான். நான் ஜன்னல் வழியாக அவரைப் பார்ப்பேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் மாற்றலாகிக் கீழே இறங்குகிறவரைக்கும் அப்படித்தான்.

கம்பெனிக்கு எழுதினேன், எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். பாக்கெட் இன்னும் விற்கிறது. அண்ணன் வேளை தவறாமல் மாத்திரை போடுகிறான். இதைப் படிக்கிற யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால், உங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், அவனிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்.